ஈயம் போன பின்பு: அப்பாவின் காருக்கு பாட்டில் மருந்து வேண்டுமா?

வெளியூரில் குடும்பம் நடத்தும் நம்மவர்களில் சிலர், ஊரில் ஷெட்டில் தூங்கிக்கொண்டிருந்த அப்பாவின் அம்பாசடரையோ ஃபியட்டையோ லாரியில் ஏற்றித் தாங்கள் இருக்கும் ஊருக்கே கொண்டு வந்துவிடுகிறார்கள். கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் பழகியவர்களிலேயே இரண்டு மூன்று பேர் இப்படி. வண்டி வந்து, பெயிண்ட் அடித்து, சீட் தைத்து எல்லாம் முடிந்ததும் யாராவது ஒருவர் காதில் ஓதுவார். "பழைய இன்ஜின் சார், ஈயம் இல்லாத பெட்ரோல் போட்டா வால்வு போயிடும். ஒரு மருந்து பாட்டில் இருக்கு, டேங்க்ல ஊத்துங்க."

அந்த பாட்டிலை வாங்கலாமா, எதை வாங்கலாம் என்பதுதான் கேள்வி. பதில் சொல்ல கொஞ்சம் சரித்திரம் வேண்டும். பெட்ரோலில் ஈயம் ஏன் வந்தது, ஏன் போனது என்று தெரிந்தால் எந்த பாட்டில் தேவை என்பது பாதி விளங்கிவிடும். ஆகவே பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டேட்டன், 1921

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தள்ளி வைப்போம். ஈயம் வால்வைக் காப்பாற்ற வந்ததில்லை. அது வந்தது 'நாக்கிங்' என்ற தட்டலை நிறுத்த.

மேட்டில் ஏறும்போது இன்ஜினுக்குள் கோலிகுண்டு குலுங்குகிற மாதிரி ஒரு சத்தம் வருமே, அதுதான். பிளக் பொறி மூட்டி தீ ஒழுங்காகப் பரவுவதற்குள், மிச்சமிருக்கும் பெட்ரோல் கலவை தானாகவே வெடித்துவிடுகிறது. அழுத்தம் கூடக் கூடத் தட்டலும் கூடும். அழுத்தத்தைக் கூட்டாமல் இன்ஜினில் பலம் எடுக்க முடியாது. 1920 வாக்கில் அமெரிக்க கார் கம்பெனிகள் முட்டிக்கொண்டு நின்ற சுவர் இதுதான்.

ஜெனரல் மோட்டார்ஸின் ஆராய்ச்சிக்கூடம் ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் இருந்தது. தலைவர் சார்லஸ் கெட்டரிங். அவருக்குக் கீழே தாமஸ் மிட்ஜ்லி. மிட்ஜ்லி பெட்ரோலில் எதை எதையோ கலந்து பார்த்தார். அயோடின் வேலை செய்தது, கட்டுப்படியாகவில்லை. அனிலின் வேலை செய்தது, நாற்றம். டெல்லூரியம் இன்னும் நன்றாக வேலை செய்தது, ஆனால் அதைத் தொட்டவர்கள் மேலெல்லாம் பூண்டு வாடை, குளித்தாலும் போகாது! கடைசியாக 1921 டிசம்பர் 9 அன்று டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயத் திரவத்தைப் போட்டுப் பார்த்தார்கள். தட்டல் நின்றது. ஒரு கேலன் பெட்ரோலுக்கு சுமார் 3 கிராம் போதும்.

சாராயமும் (எத்தனால்தான்) தட்டலை நிறுத்தும் என்பது மிட்ஜ்லிக்கும் கெட்டரிங்குக்கும் நன்றாகவே தெரியும். ஆனால் அதைத் தாராளமாகக் கலக்க வேண்டும். கரும்போ சோளமோ இருந்தால் யார் வேண்டுமானாலும் காய்ச்சலாம், அதனால் ஒரு கம்பெனியின் கைக்குள் அடங்காது. ஈயக் கலவைக்கு காப்புரிமை வாங்கலாம், சொட்டு விட்டாலே போதும். வியாபாரக் கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லவும் வேண்டுமா?

1923 பிப்ரவரியில் டேட்டனிலேயே ஒரு பங்கில் விற்பனை தொடங்கியது. 1924ல் ஜெனரல் மோட்டார்ஸும் நியூ ஜெர்சி ஸ்டாண்டர்டு ஆயிலும் சேர்ந்து 'எத்தில்' என்ற பெயரில் ஒரு கம்பெனி ஆரம்பித்தன. பெயரில் 'லெட்' என்ற சொல்லே கிடையாது, கவனியுங்கள்.

ஈயம் விஷம் என்பது அப்போதே தெரிந்த சங்கதி. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் இந்தத் திரவத்தைத் தயாரித்த தொழிலாளிகளுக்குப் புத்தி பேதலித்தது. ஐந்து பேர் இறந்து போனார்கள். அதே மாதக் கடைசியில் மிட்ஜ்லி பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, அவர்கள் முன்னாலேயே அந்தத் திரவத்தில் கை கழுவி, முகர்ந்தும் காட்டினார். இத்தனைக்கும் அதற்கு முந்தைய வருடம்தான் ஈய விஷத்துக்கு ஓய்வெடுக்க ஃப்ளோரிடா போய் வந்திருந்தார்.

1925ல் அரசு ஒரு மாநாடு கூட்டியது. தொழிற்சாலை நோய்களில் பேர்பெற்ற டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன், இது தொழிலாளிகளோடு நிற்காது, தெருவுக்கும் வரும் என்று எச்சரித்தார். கேட்பார் இல்லை. அடுத்த ஐம்பது வருடம் உலகம் முழுக்க கார்கள் ஈயத்தைக் கக்கிக்கொண்டே ஓடின.

வால்வுக்குக் கிடைத்த எதிர்பாராத பாதுகாப்பு

இப்போது வால்வுக்கு வருவோம். ஈயம் எரிந்த பிறகு இன்ஜினுக்குள் ஒரு மெல்லிய படிவு விடும். எக்ஸாஸ்ட் வால்வும் அது உட்காரும் சீட்டும் பழுக்கக் காய்ந்த நிலையில், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. நடுவில் படிவு இருந்தால் உலோகமும் உலோகமும் நேராக ஒட்டாது. தோசைக்கல்லில் தடவிய எண்ணெய் மாதிரி.

படிவு இல்லையென்றால்? சூட்டில் வால்வும் சீட்டும் மிக நுண்ணிய புள்ளிகளில் ஒட்டி ஒட்டிப் பிய்யும். பிய்ந்த துணுக்கு உப்புத்தாள் மாதிரி சீட்டை அராவும். சீட் தேயத் தேய வால்வு ஹெட்டுக்குள் புதையும். டாப்பெட் இடைவெளி குறைந்துகொண்டே வந்து, ஒரு நாள் வால்வு முழுசாக மூடாமல் நிற்கும். அந்த வழியாக நெருப்பு கசிந்து வால்வின் ஓரம் கருகும். கம்ப்ரஷன் போகும், பிக்கப் போகும். காதில் ஓதியவர் சொன்ன "வால்வு போயிடும்" இதுதான். அவர் சொன்னது பொய் இல்லை. ஆனால் எல்லா வண்டிக்கும் பொருந்தாது.

ஆக, ஈயம் இரண்டு வேலை செய்தது: தட்டலை நிறுத்துவது, வால்வு சீட்டைக் காப்பது. முதல் வேலைக்கு அழைத்து வந்தார்கள், இரண்டாவது தற்செயலாகக் கிடைத்தது. கடையில் இருக்கும் பாட்டில்களில் சில முதல் வேலையையும் சில இரண்டாவது வேலையையும் மட்டும் செய்யும், சில இரண்டையும் செய்வதாகச் சொல்லும். வாங்குபவர் குழம்பும் இடமே இதுதான்.

போனது எப்படி

கிளேர் பேட்டர்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி பூமியின் வயதைக் கணக்கிட ஈயத்தை அளந்துகொண்டிருந்தவர். எங்கே அளந்தாலும் இயற்கையாக இருக்க வேண்டியதைவிட எக்கச்சக்கமாக ஈயம் இருப்பதைக் கண்டு, 1965ல் வெளிப்படையாக எழுதினார். 1979ல் ஹெர்பர்ட் நீடில்மன் குழந்தைகளின் விழுந்த பால் பற்களைச் சேகரித்து, பல்லில் ஈயம் அதிகமிருந்த பிள்ளைகள் அறிவுச் சோதனையிலும் வகுப்பில் கவனத்திலும் பின்தங்குவதைக் காட்டினார். 1975லேயே அமெரிக்கக் கார்களில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வந்துவிட்டது. ஈயம் பட்டால் கன்வெர்ட்டர் செத்துவிடும். அதனால் ஈயமில்லாத பெட்ரோல் வந்தே தீர வேண்டியதாயிற்று. 1976க்கும் 1980க்கும் இடையில் அமெரிக்கர்களின் ரத்தத்தில் ஈயம் சராசரியாக 37 சதவீதம் இறங்கியது.

நம் நாட்டில் ஒரு காலத்தில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம் என்று விதி. சின்ன கணக்கு ஒன்று போடுங்கள். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தரும் வண்டி வருடத்துக்கு 10,000 கிலோமீட்டர் ஓடினால் 1000 லிட்டர். அதில் ஈயம் 560 கிராம், அரைக் கிலோவுக்கு மேல்! ஒரே ஒரு வண்டியில். இன்ஜினுக்குள்ளேயே ஈயம் சேர்ந்து அடைக்காமல் இருக்க புரோமின் சரக்கு ஒன்றையும் கூடவே கலப்பார்கள். அதனால் ஈயத்தின் பெரும்பகுதி சைலன்சர் வழியாகத் தெருவுக்கு வந்துவிடும்.

எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தலையிட, வேலை வேகம் பிடித்தது. 1994ல் நான்கு பெருநகரங்களிலும் ஈயத்தை 0.15 கிராமாகக் குறைத்தார்கள். 1995 ஏப்ரலில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் நான்கிலும் ஈயமில்லாத பெட்ரோல் பங்குகளுக்கு வந்தது, கன்வெர்ட்டர் வைத்த புதுக் கார்களுக்காக. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயமில்லாத பெட்ரோல் மட்டுமே. உலகத்தில் கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021ல். டேட்டனில் கண்டுபிடித்து சரியாக நூறு வருடம்!

நாம் நிறுத்தியதற்குப் பலன் இருந்ததா? 1997ல் மும்பைக் குழந்தைகளில் சுமார் 62 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தது. ஈயம் போன பிறகு எடுத்த ஆய்வில் அது சுமார் 33 சதவீதமாக இறங்கியிருந்தது. பெயிண்ட், பழைய பேட்டரி என்று மற்ற வழிகள் இன்னும் இருப்பதால் முழுசாக ஒழியவில்லை. ஆனாலும் பாதியளவு குறைந்ததே.

முதலில் உங்கள் இன்ஜின் எது?

சரி, ஷெட்டுக்கு வருவோம். பாட்டில் வாங்கும் முன் பானெட்டைத் திறந்து பாருங்கள்.

டீசல் அம்பாசடரா? கதை இத்தோடு முடிந்தது. டீசலில் ஈயம் எப்போதுமே கிடையாது.

சேடக், யெஸ்டி, ஆர்.எக்ஸ். 100 மாதிரி டூ ஸ்ட்ரோக் வண்டியா? அதில் இந்த மாதிரி வால்வே இல்லை. இல்லாத வால்வுக்கு மருந்து எதற்கு? :-)

1992க்குப் பின் வந்த இசுசு 1.8 லிட்டர் பெட்ரோல் அம்பாசடரா? 2000க்குப் பிறகும் ஈயமில்லாத பெட்ரோலிலேயே விற்று ஓடிய இன்ஜின் அது. கவலை வேண்டாம்.

பழைய 1489 சி.சி. பெட்ரோல் அம்பாசடர் என்றால் யோசிக்க வேண்டும். ஹூக்ளிக் கரையில் உத்தர்பாராவில் தயாரான வண்டி. அதில் இருப்பது பிரிட்டனின் பி.எம்.சி. 'பி சீரிஸ்' இன்ஜின். ஹெட் வார்ப்பிரும்பு, வால்வு சீட்டும் அதே இரும்பில் கடைந்தது. தேய்மானத்துக்கு ஆளாகக்கூடியது இதுதான். மெட்ராஸில் வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் இரும்பு ஹெட்தான்.

ஃபியட் 1100, பிரீமியர் பத்மினி வேறு ரகம். ஹெட் அலுமினியம். அலுமினியத்தில் நேராக வால்வு உட்கார முடியாது, அதனால் தனி வளையம் அடித்திருப்பார்கள். அபாயம் குறைவு, ஆனால் வளையம் எவ்வளவு கெட்டி என்பதைப் பொறுத்தது.

இன்னொன்றும் பாருங்கள். 2000க்குப் பின் எப்போதாவது ஹெட் கழற்றி, கெட்டி வளையம் அடித்திருக்கிறார்களா? ஊரில் அப்பாவுக்குப் பழக்கமான மெக்கானிக் இருந்தால் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். அடித்திருந்தால் பாட்டில் செலவு மிச்சம்.

அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள்

இரும்பு ஹெட் வண்டி என்பதாலேயே உடனே பாட்டில் வாங்க வேண்டியதில்லை. சீட் தேய்வது சூட்டையும் வேகத்தையும் பொறுத்தது. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கும், வருடத்துக்கு ஒரு ரேலிக்கும் நிதானமாக ஓடும் வண்டியில் தேய்மானம் மிகக் குறைவு. ஈயம் இருந்த காலத்துப் பழைய படிவே கொஞ்ச காலம் காப்பாற்றும். அதே வண்டியை நாற்கர சாலையில் மணிக்கணக்காக விரட்டினால் கதை வேறு.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது ஃபீலர் கேஜ் வைத்து எட்டு வால்வுக்கும் டாப்பெட் இடைவெளியை அளந்து எழுதுங்கள். ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். எக்ஸாஸ்ட் வால்வுகளில் மட்டும் இடைவெளி திரும்பத் திரும்பக் குறைந்தால் சீட் தேய்கிறது என்று அர்த்தம். குறையவில்லை என்றால் நிம்மதியாக ஓட்டுங்கள்.

பாட்டிலில் இருப்பது என்ன?

தேய்கிறது என்று தெரிந்துவிட்டால், வால்வு சீட்டைக் காக்க நான்கு சரக்குகள் உண்டு: பாஸ்பரஸ், பொட்டாசியம், சோடியம், மாங்கனீசு. பிரிட்டனில் 2000 ஜனவரியில் ஈய பெட்ரோலை நிறுத்தும் முன்பே, பழைய வண்டிக் கழகங்களின் கூட்டமைப்பு 1999ல் இவற்றை இன்ஜினில் போட்டு ஓட்டிச் சோதித்தது. நான்கு வகையிலும் தேறியவை உண்டு, தேறாதவையும் உண்டு. வால்வ்மாஸ்டர் என்ற பாஸ்பரஸ் சரக்கும், மில்லர்ஸ் வி.எஸ்.பி. பிளஸ் என்ற மாங்கனீசு சரக்கும் தேறியவற்றில் சேர்த்தி.

தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை:

லேபிளில் எந்த உலோகம் என்று எழுதியிருக்க வேண்டும். "ஈயத்துக்கு மாற்று" என்று மொட்டையாக இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

ஒரு வகையைத் தேர்ந்தெடுத்தால் அதிலேயே நில்லுங்கள். இன்று பாஸ்பரஸ், அடுத்த மாதம் பொட்டாசியம் என்று மாற்றி மாற்றி ஊற்றக் கூடாது. படிவுகள் ஒன்றோடொன்று சேர்ந்து வேண்டாத வேலை செய்யும்.

அளவு முக்கியம். குறைத்து ஊற்றினால் பயனில்லை, கூட்டி ஊற்றினால் பிளக்கில் படியும். மாங்கனீசு போட்டால் பிளக் செங்கல் நிறமாக மாறும். பயப்பட வேண்டாம். ஆனால் மாங்கனீசு தட்டலையும் குறைக்கும் என்பதற்காக வாரி ஊற்றாதீர்கள், அந்தப் புகை உடம்புக்கு ஆகாது.

'ஆக்டேன் பூஸ்டர்' என்பது தட்டலுக்கான சரக்கு. அதை ஊற்றினால் வால்வு சீட் காக்கப்படும் என்று சொல்ல முடியாது. பழைய இந்திய இன்ஜின்கள் குறைந்த அழுத்தத்துக்குச் செய்தவை. அந்தக் காலத்து சாதாரண பெட்ரோல் 87 ஆக்டேன், இப்போது பங்கில் கிடைப்பது 91க்குக் குறையாது. இன்னமும் தட்டினால் டைமிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள், அதற்கு பாட்டில் தேவையில்லை.

ஹெட்டை எப்படியும் கழற்றப் போகிறீர்கள் என்றால், நல்ல லேத் பட்டறையில் கொடுத்து எக்ஸாஸ்ட் பக்கம் கெட்டி வளையம் அடித்துவிடுங்கள். அதற்குப் பின் ஆயுளுக்கும் பாட்டில் வேண்டாம். அளந்து பார்த்து இடைவெளி குறைகிற வண்டிக்கு இதுதான் சரியான வைத்தியம். பாட்டில் அதுவரைக்கும்தான்.

ஈயத்தையே திரும்பக் கொண்டுவராதீர்கள்

வெளிநாட்டில் நிஜமான டெட்ரா எத்தில் லெட் கலந்த பாட்டிலே விற்கிறார்கள். சின்ன விமானங்களுக்கான பெட்ரோலில் இன்னும் ஈயம் உண்டு, அதைக் கொஞ்சம் வாங்கிக் கலக்கலாமே என்று யோசனை சொல்பவர்களும் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். அந்தத் திரவம் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். பேவே ஆலையில் இறந்தவர்களின் கதை அதுதான். அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது பக்கத்தில் நிற்பது யார்? "தாத்தா கார்" என்று ஆசையாக ஓடி வரும் நம் பிள்ளைகள்தானே.

பழைய படிவிலும் ஈயம் இருக்கிறது. ஹெட்டையும் எக்ஸாஸ்ட்டையும் சுத்தம் செய்யும்போது வரும் சாம்பல் நிறத் தூளை காற்றடித்து ஊதக் கூடாது. ஈரத்துணியால் துடைத்து, துணியைத் தனியாகக் கட்டி அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். குழந்தைகளை அன்றைக்கு ஷெட் பக்கம் விடாதீர்கள்.

சாராயம் திரும்பி வந்த கதை

1921ல் வேண்டாம் என்று ஒதுக்கிய எத்தனால், இப்போது நம் பெட்ரோலில் 20 சதவீதம். கரும்பும் தானியமும் பங்குக்கு வந்துவிட்டன. தட்டலுக்கு நல்லதுதான். ஆனால் வால்வு சீட்டுக்கு அதனால் ஒரு பாதுகாப்பும் இல்லை. பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்பின் டயஃப்ரம், கார்புரேட்டர் கேஸ்கெட் இவற்றையெல்லாம் ஊற வைத்துவிடும். ஈரத்தை இழுப்பதால் மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்க் துருப்பிடிக்கும்.

என்னைக் கேட்டால், இன்றைக்கு ஷெட்டில் நிற்கும் அம்பாசடருக்கு ஈயம் இல்லாததைவிட இதுதான் அவசரமான தலைவலி. பாட்டிலுக்கு எடுத்து வைத்த பணத்தில் முதலில் எத்தனால் தாங்கும் ஹோஸ் வாங்கிப் போடுங்கள். பெட்ரோல் ஒழுகி சூடான எக்ஸாஸ்ட் மேல் சொட்டினால் வண்டியே போய்விடும். அப்புறம் டாப்பெட்டை அளங்கள். அதன் பிறகும் தேவை என்றால்தான் மருந்து பாட்டில்.

உங்கள் வண்டி எந்த வருடம், எந்த இன்ஜின், ஹெட் எப்போது கழற்றியது என்ற மூன்றையும் குறித்து வைத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போங்கள். எதுவும் தெரியாமல் போய் நின்றால், பாட்டில் விற்பவர் சொல்வதுதான் சட்டம்.